மறுதீர்ப்புத் தேடும் காசுகள்

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையிற் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவது பொருத்தமே. காசு செம்மையானது என்ற நம்பிக்கை இல்லாவிடில் அதனைக் கைநீட்டி வாங்குவார் யாருமிலர். அந்த நம்பிக்கையைக் காப்பதற்காகவே காசைச் சோதிக்கும் தொழில் பண்டு தொட்டு இருந்து வந்தது. பழந்தமிழில் அத்தொழிலாளருக்கு வண்ணக்கர் என்று பெயர். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு வண்ணக்கன் என்னும் அடைமொழி சேர்ந்திருப்பதை இலக்கியம் பயிலும் மாணவர் கண்டிருப்பர்.

அந்தப் பழந்தொழில் இன்று அமெரிக்க நாட்டிலே புதுக்கோலம் பூண்டு பெரும் வணிகமாக வளர்ந்திருக்கின்றது. அங்கே காசு நல்லதா, கள்ளமா என்று சொல்வதோடு வேலை முடிவதில்லை. நல்ல காசுகளுக்குள்ளும் எது எவ்வளவு நல்லது என்று 1 முதல் 70 வரை எண்ணிட்டுத் தரம் பிரிக்கின்றனர். அந்த எண்ணில் மனநிறைவு கொள்ளாத காசுக்காரர், அதே காசை மறுபடியும், சிலர் பல முறையும் அனுப்பி, வேறு எண் கேட்கின்றனர். இந்த மறுதீர்ப்பு வழக்கத்தையே இவ்வாரம் நாம் ஆராயப் புகுகின்றோம். காசு சேர்க்கும் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, பிறர் இடும் புள்ளிகளை நம்பி வாழும் நம் எல்லோருக்கும் இதிலே கற்கத்தக்கது ஒன்று உண்டு.

எழுபது படிகள்

இந்த எழுபது படி ஏணியை அமைத்தவர் வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்க உளவியலாளர். அந்நாட்டின் பழைய பெரிய செப்புச் சதங்களைப் பற்றி அவர் 1949ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். இன்ன காசென்று அடையாளங் காண மட்டும் முடிகிற, தேய்ந்த காசுக்கு 1. மாசு மறுவற்ற காசுக்கு 70. முதற் படியிலுள்ள காசு ஒரு டொலர் பெறுமாயின், எழுபதாம் படியிலுள்ளது எழுபது டொலர் பெறும் என்பது அவர் போட்ட கணக்கு. சந்தை அந்தக் கணக்கை நெடுங்காலம் மதிக்கவில்லை. விலைகள் தம் வழியே ஓடின. ஆயினும் எண்கள் நிலைத்துவிட்டன.

ஷெல்டனைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியற் கழகத்தின் சேகரிப்பிலிருந்த உயர்ந்த செப்புச் சதங்கள் பலவற்றை அவர் எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் தாழ்ந்த காசுகளை வைத்துவிட்டார் என்பது பின்னாளில் வெளிப்பட்டது. அவற்றை மீட்பதற்குக் கழகம் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. காசை அளக்கும் கோலைத் தந்தவரே காசின் நாணயத்தைக் காக்கத் தவறினார்! கோல் எவ்வளவு நுட்பமாயினும், அதைப் பிடிக்கும் கை நேராயிருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அமெரிக்க நாணயச் சங்கம் 1972இல் காசுகளின் உண்மையைச் சோதிக்க ஓர் அலுவலகம் நிறுவி, 1979 முதல் தரமும் குறிக்கத் தொடங்கிற்று. இன்றைய முறைக்கு வித்திட்டது, காசு வணிகர் சிலர் கூடி அமைத்து, 1986இல் தொழில் தொடங்கிய பி.சி.ஜி.எஸ். என்னும் நிறுவனமாகும். மறு ஆண்டில் என்.ஜி.சி. என்னும் நிறுவனம் தோன்றியது. இவை செய்த புதுமை யாதெனில், காசுக்குத் தரம் குறித்ததும் அதனைத் தெளிந்த பிளாஸ்டிக் உறையினுள் வைத்து மூடி, எண்ணெழுதிய சீட்டையும் அதனுள்ளேயே பதித்துவிட்டமையாம். உறையை உடைத்தாலன்றிக் காசை எடுக்க இயலாது. ஆகவே, காசும் எண்ணும் உடலும் உயிரும் போல ஒன்றாகின. முகமறியாத இருவர் ஆயிரம் மைல் தூரத்திலிருந்தும் இந்த எண்ணை நம்பிப் பேரம் பேசலாயினர்.

60 முதல் 70 வரையுள்ள பதினொரு படிகளும் கைபட்டுத் தேயாத காசுகளுக்கே உரியவை. வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இந்தப் படிகளையே. 64க்கும் 65க்கும் உள்ள வேறுபாடு சாதாரண மனிதர் கண்ணுக்குப் புலப்படாது. உருவத்தின் கன்னத்திலே ஒரு சிறு கீறல், ஒளியிலே ஒரு சிறு மங்கல், அவ்வளவுதான். விலையிலோ சில காசுகளுக்கு அந்த ஒரு படி இரு மடங்காகவும் பன்மடங்காகவும் ஏறிவிடும். மறுதீர்ப்பு ஆசை பிறக்கும் இடம் இதுவே.

எண் ஏன் மாறுகின்றது?

ஒரே காசுக்கு இன்று 64உம், மற்றொரு நாள் 65உம் கிடைப்பது எவ்வாறு? வஞ்சகம் என்று எடுத்தவுடன் நினைத்தல் தகாது. தரம் குறிக்கும் முறையைப் பார்ப்போம். காசு யாருடையது என்று அறியாத பரிசோதகர் இருவரேனும் அதனைத் தனித்தனியே நோக்கித் தத்தம் எண்ணைக் குறிப்பர். அதன்பின் மூத்த பரிசோதகர் ஒருவர் முடிவெண்ணை உறுதி செய்வர். அவர்கள் நோக்குவன நான்கு: அச்சு எவ்வளவு ஆழப் பதிந்தது, மேற்பரப்பில் எத்துணை வடுக்கள், ஒளி எத்தகையது, மொத்தத்தில் காசு கண்ணுக்கு இனிதா என்பன.

இந்நான்கினுள் வடுக்களை ஒருவாறு எண்ணிவிடலாம். கண்ணுக்கு இனிமை என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? வெள்ளிக்காசின் மேல் காலம் பூசிய நீலமும் பொன்னிறமும் ஒருவருக்கு எழில், மற்றொருவருக்குக் கறை. காலையிற் களைப்பின்றிப் பார்த்த கண்ணும், மாலையில் நூறு காசு கண்டு சோர்ந்த கண்ணும் ஒன்றாகா. தெள்ளத் தெளிந்த 64 எப்பொழுதும் 64ஆகவே திரும்பும். 64க்கும் 65க்கும் இடையே வரப்பின் மேல் நிற்கும் காசுதான் இன்று இந்தப் பக்கமும் நாளை அந்தப் பக்கமும் சாயும்.

மனிதக் கண்ணின் இக்குறையை நீக்க இயந்திரத்தையும் அழைத்துப் பார்த்தனர். 1990ஆம் ஆண்டளவில் கணினியைக் கொண்டு தரம் குறிக்கும் முயற்சி நடந்தது, அது நிலைக்கவில்லை. அதே ஆண்டில், பி.சி.ஜி.எஸ். தன் தரக்குறிப்பு மாறாத தன்மையுடையது, விருப்பு வெறுப்பற்றது என்று விளம்பரம் செய்ததை எதிர்த்து அமெரிக்க மத்திய வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கு இணக்கத்தில் முடிந்தது. எண் என்பது அளவையன்று. தேர்ந்தவர் கூறும் அபிப்பிராயம். இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே சொல்லப்போவன எளிதில் விளங்கும்.

மறுமுறை அனுப்பும் வழிகள்

வழிகள் மூன்று. முதலாவது, உறையோடு அதே நிறுவனத்துக்கு அனுப்பி மறுபரிசோதனை வேண்டுதல். நம் மாணவர் விடைத்தாளை மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிப்பதை ஒத்தது இது. இரண்டாவது, ஒரு நிறுவனத்தின் உறையிலுள்ள காசை மற்றொரு நிறுவனத்துக்கு அனுப்பி, இன்ன எண்ணுக்குக் குறையாமல் தருவதாயின் உமது உறைக்கு மாற்றுக, இல்லையேல் தொடாமல் திருப்புக என்று கேட்டல். இவ்விரண்டிலும் ஆபத்துக் குறைவு. கட்டணமும் தபாற் செலவுமே நட்டம்.

மூன்றாவது வழி துணிந்தவர் வழி. குறட்டினால் உறையை உடைத்துக் காசை வெளியே எடுத்து, முன்பின் அறியாத புதுக்காசு போல அனுப்புதல். பழைய எண்ணைப் பரிசோதகர் காணார். ஆகையால் பழைய தீர்ப்பு அவர் மனத்தை இழுக்காது என்பது இதன் அனுகூலம். ஆனால் உறை உடைந்த கணமே நிறுவனம் தந்த உத்தரவாதமும் உடைந்து போகின்றது. குறடு வழுக்கினால் காசிலே புது வடு விழும். எண் ஏறாமல் இறங்கவும் கூடும். முன்பு ஒருவர் கண்ணுக்குத் தப்பிய பழைய தேய்ப்பை இன்னொருவர் கண்டுபிடித்தால், எண்ணே இல்லாமல், கழுவப்பட்ட காசு என்ற பழியோடு அது வீடு திரும்பும்.

கணக்கு என்ன சொல்கிறது?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தன் காசு குறைத்து மதிக்கப்பட்டது என்று நினையாத காசுக்காரர் அரியர். ஆகவே ஆசையை ஒருபுறம் வைத்துக் கணக்குப் போடுவோம். பின்வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை.

ஒருவரிடம் 64 எண்ணுடைய பத்துக் காசுகள் உள்ளன. ஒவ்வொன்றும் 200 டொலர் பெறும். 65 ஆனால் 500 பெறும். 63 ஆனால் 120. மறுமுறை அனுப்ப ஒவ்வொன்றுக்கும் 60 டொலர் செலவு. பத்தில் ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, எட்டு அப்படியே திரும்புகின்றன எனக் கொள்வோம். ஏறியதால் வரவு 300. இறங்கியதால் இழப்பு 80. செலவு 600. முடிவில் 380 டொலர் நட்டம்.

இனி, அதே பத்துக் காசுகள் 64இல் 2,000 டொலரும், 65இல் 8,000 டொலரும், 63இல் 1,200 டொலரும் பெறுவன என்று வைப்போம். விலையுயர்ந்த காசுக்குக் கட்டணமும் உயரும் ஆதலால், செலவு ஒன்றுக்கு 100 டொலர் எனலாம். ஏறியதால் வரவு 6,000. இறங்கியதால் இழப்பு 800. செலவு 1,000. முடிவில் 4,200 டொலர் ஆதாயம்!

படிக்கும் பிள்ளைகள் இவ்விரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டிலும் வெற்றி பத்தில் ஒன்றுதான். பரிசோதகர் திறமையும் ஒன்றுதான். மாறியது இரு படிகளுக்கும் இடையேயுள்ள விலைப்பள்ளம் மட்டுமே. ஆகவே எளிய காசு வைத்திருக்கும் எளிய மனிதர் மறுதீர்ப்புத் தேடிப் பணம் இழப்பர். விலைப்பள்ளம் பெரிதான காசு வைத்திருக்கும் வணிகரோ விடாமல் அனுப்பிக்கொண்டேயிருப்பர்.

இழப்பவர் யார்?

இதிலே பிறர்க்குத் தீங்கு யாது என்று சிலர் கேட்கலாம். தீங்கு உண்டு, அது மறைந்து நிற்பது. வரப்பின் மேல் நிற்கும் காசுகள் மறுபடி மறுபடி அனுப்பப்படுகின்றன என்று கொள்ளுங்கள். 64 என்று வந்த காசு திரும்பவும் போய்ப் படலையைத் தட்டும். 65 என்று வந்ததோ அந்த உறையிலேயே அமர்ந்துவிடும். அதனை யாரும் உடையார். பத்துத் தீர்ப்புகளுள் ஒன்பது 64 என்றும் ஒன்று 65 என்றும் கூறினாலும், உலகம் காண்பது அந்த ஒன்றை மட்டுமே. இவ்வாறு ஆண்டுகள் செல்லச் செல்ல, 65 என்ற உறைகளுக்குள்ளே மெலிந்த காசுகள் குவிகின்றன. பரிசோதகர் எவரும் பொய் சொல்லாதிருக்கவே, எண் தன் பெறுமதியில் தேய்கின்றது.

ஊர்க்குத் தூரத்தேயுள்ள ஓர் ஆசிரியர், பல மாதம் சேமித்த பணத்தில் ஒரு 65ஐ வாங்குகிறார் என்று நினையுங்கள். ஒன்பது முறை மறுக்கப்பட்டுப் பத்தாம் முறை தப்பிவந்த காசு அது என்பது அவருக்குத் தெரியாது. முன்னவர் கொண்ட ஆதாயம் அனைத்தும் இந்தக் கடைசிக் கையிலிருந்தே எடுக்கப்பட்டது. அவர் பிள்ளைகள் ஒரு நாள் அதனை விற்கப் போகும்போதுதான் உண்மை வெளிவரும்.

இரண்டாவது தீங்கு எண்ணிக்கையில் உண்டாவது. எந்தக் காசு எந்தத் தரத்தில் எத்தனை உள்ளது என்று நிறுவனங்கள் பட்டியல் வெளியிடுகின்றன. ஒரே காசு ஐந்து முறை உறை மாறினால், பட்டியலில் ஐந்து காசுகளாகத் தோன்றக்கூடும். உடைத்த உறையின் சீட்டைத் திருப்பியனுப்புமாறு நிறுவனங்கள் கேட்டுக்கொள்கின்றன, எல்லாரும் அனுப்புவதில்லை.

மூன்றாவது தீங்கு காசுக்கே நேர்வது. வெள்ளிக்காசு 65 பெறவேண்டும் என்ற ஆசையில், சிலர் அதனைத் தயோயூரியா கலந்த அமிலக் கரைசலில் தோய்த்து எடுக்கின்றனர். கறுப்பு நீங்கிக் காசு வெள்ளையாகும். ஆனால் புதுக்காசின் ஒளி எதனால் உண்டாகிறது? அச்சு ஓங்கி விழும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பரவுவதால் ஏற்படும் மிக நுண்ணிய வரிகளால். காசைச் சற்றுச் சாய்த்துத் திருப்பினால், அவ்வரிகளின் மேல் ஒளி சக்கரத்தின் ஆரை போலச் சுழலும். ஒவ்வொரு முறை தோய்க்கும்போதும் அமிலம் அவ்வரிகளை அரித்துவிடுகின்றது. போன ஒளி மீளாது. நூறாண்டு கடந்து வந்த காசை ஒரு நிமிட ஆசை கெடுத்துவிடுகின்றது.

இத்தீங்குகளின் விளைவாக ஒரு புதுமை நிகழ்ந்தது. என்.ஜி.சி.யை நிறுவிய ஜோன் அல்பனீஸ் என்பவரே, 2007இல் சி.ஏ.சி. என்னும் அமைப்பைத் தொடங்கினார். உறையிலிட்டுத் தரம் குறித்த காசை மறுபடி நோக்கி, எண்ணுக்கு ஏற்ற நிறைவுடையதாயின் உறைமேல் பச்சை ஒட்டுச்சீட்டும், எண்ணை விஞ்சியதாயின் பொன்னிறச் சீட்டும் ஒட்டுவது இதன் பணி. மெலிந்ததாயின் சீட்டு இல்லை. வண்ணக்கரைச் சோதிக்க மற்றொரு வண்ணக்கர்! 2023இல் அவரது அமைப்பு தானும் உறையிட்டுத் தரம் குறிக்கத் தொடங்கிவிட்டது. தீர்ப்புக்குமேல் தீர்ப்பு என்று ஏணி நீண்டுகொண்டே போகின்றது.

மறுவிசாரணை தந்த நீதி

இவ்வளவு கூறியதால், மறுதீர்ப்புக் கேட்பதே குற்றம் என்று வாசகர் முடிவு செய்துவிடலாகாது. இதோ ஓர் உண்மை வரலாறு.

அமெரிக்காவின் நிக்கல் எனப்படும் ஐந்து சதக் காசிலே, 1913ஆம் ஆண்டில் சுதந்திர தேவியின் தலை நீங்கிக் காட்டெருமை உருவம் வந்தது. ஆயினும் பழைய தேவி உருவத்தோடு 1913 என ஆண்டு பொறித்த காசுகள் ஐந்து உண்டு. அவை முறைப்படி வெளியிடப்பட்டவை அல்ல. ஐந்தே ஐந்து உள்ளமையால் உலகப் புகழ் பெற்றவை. அவற்றுள் ஒன்று ஜோர்ஜ் வால்ற்றன் என்னும் சேகரிப்பாளரிடம் இருந்தது. 1962இல் வட கரோலினாவிலே நாணயக் கண்காட்சி ஒன்றுக்குச் செல்லும் வழியில் அவர் மோட்டார் விபத்தில் இறந்தார். அவருடைய காசுகளை மதிப்பிட்டவர்கள், இந்த நிக்கல் பொய்யானது, ஆண்டு திருத்தப்பட்டது என்று தீர்ப்புக் கூறித் திருப்பிக் கொடுத்துவிட்டனர்.

அவர் சகோதரி அதனை எறிந்துவிடவில்லை. வீட்டு அலுமாரியில் வைத்துக் காத்தார். முப்பது ஆண்டுகள் சென்றன. அந்த அம்மையாரும் 1992இல் காலமானார். மற்ற நான்கு காசுகளும் இருக்குமிடம் தெரியும். ஐந்தாவது எங்கே என்று நாணய உலகம் தேடிக்கொண்டிருந்தது. 2003ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்க நாணயச் சங்கத்தின் மகாநாடு போல்ற்றிமோர் நகரிலே கூடியபோது அந்நான்கும் அங்கே கொண்டுவரப்பட்டன. குடும்பத்தார் தம் காசையும் எடுத்துச் சென்றனர். நிபுணர் அறுவர் ஐந்து காசுகளையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிட்டனர். நாற்பது ஆண்டுகளாகப் பொய்யென்று கிடந்த காசு மெய்யே என்று அவ்வறுவரும் ஒரு மனதாகக் கூறினர். 2013 ஏப்பிரிலில் அது 31 இலட்சத்து 72 ஆயிரத்து 500 டொலருக்கு ஏலம் போயிற்று.

இங்கும் நடந்தது மறுபரிசோதனைதான். ஆயினும், உறை உடைத்துப் பத்து முறை அனுப்புதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை ஆராய்ந்து பாருங்கள். முதற் பரிசோதகர் முன் இல்லாத சான்று ஒன்று இரண்டாம் பரிசோதகர் முன் வைக்கப்பட்டது. நான்கு உடன்பிறப்புகளும் அருகே இருந்து சாட்சி சொல்லின. நடந்தவை அனைத்தும் யாவரும் அறிய நடந்தன. மற்றதிலோ புதிய சான்று எதுவுமில்லை. பழைய தீர்ப்பை மறைப்பதே அதன் உபாயம்.

கேட்கத் தக்க வேளை

ஆகவே, காசு சேர்க்கும் இளைஞர்க்கு நாம் கூறக்கூடியது இதுவே. மறுதீர்ப்புக் கேட்குமுன் உங்களை நீங்களே மூன்று கேள்வி கேளுங்கள். அதே ஆண்டின், அதே எண்ணுடைய வேறு பல காசுகளை நேரே பார்த்து, என்னுடையது அவற்றை விஞ்சுகின்றது என்று அறிந்தேனா, அன்றி ஆசையினால் நினைத்தேனா? ஏறினால் வரும் ஆதாயம், பலமுறை தோற்பதன் செலவைத் தாங்குமா? இதுவரை கிடைத்த தீர்ப்புகள் எல்லாவற்றையும், வாங்க வருபவரிடம் கூசாது சொல்ல எனக்கு இயலுமா?

முதல் இரண்டும் பணத்தைக் காக்கும் கேள்விகள். மூன்றாவது கேள்வியே காசின் நாணயத்தையும் மனிதரின் நாணயத்தையும் ஒருங்கே காப்பது. அதற்கு ஆம் என்று விடை கூறக்கூடியவர் தாராளமாக மறுமுறை அனுப்பலாம். ஏறினால் அது அவருக்கு உரியதே. ஏறாவிட்டாலும் அவர் கையிலுள்ள காசு முன்போலவே அழகியது. உறையின்மேல் எழுதிய எண்ணினால் அதன் ஒளி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.